பக்கத்து மரம்

மே மாதம் முடிகிற நேரத்தில் சித்தூரிலிருந்து வரும் ஏதாவதொரு பஸ்ஸில் எனக்கு ஒரு மூங்கில் கூடை வந்து சேரும். முதலில் கண்டக்டரின் போன் வரும். பஸ் முழுக்கக் கமகமவென்று இருக்கிறது, பாசெஞ்சர்கள் கூடையையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள், சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்பார். நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். கூடையின் வாயில் கோணி ஊசியால் தைத்த சாக்கு இருக்கும். அதைப் பிரித்தால் வைக்கோல். வைக்கோலை விலக்கினால் மேலே காதர், கீழே பேனிஷா. மற்ற ஊர்க்காரர்கள் அல்போன்சா என்றும் பங்கனப்பள்ளி என்றும் சொல்வதை எங்கள் ஜில்லாவில் இப்படித்தான் சொல்வோம். இந்த வருடமும் கூடை வந்தது. அதை வீட்டுக்குள் இறக்கி நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அயர்லாந்திலிருந்து போனில் குரல் வந்துவிட்டது. "சார், கூட வந்துச்சா? இந்த வருசம் காய் சுமார்தான் சார். தப்பா நெனச்சுக்காதீங்க." வைக்கோலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். ஒரு கைக்குள் அடங்கவில்லை. இதற்குப் பெயர் சுமார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து காய் நன்றாக இருக்கிறது என்ற சொல் வந்ததில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தார். எல்லோருக்கும் போல எனக்கும் சிஸ்டர்தான். என்னைவிட வயதில் பெரியவர், ஆனால் என் மாணவி. அந்த நாட்களில் திருப்பதியில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு கம்ப்யூட்டர் சென்டரின் படியில்தான் விழ வேண்டும். ஊரே எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தது. படித்தவன் அமெரிக்கா என்றான், டிரைவிங் தெரிந்தவன் குவைத் என்றான், ஒன்றும் தெரியாதவன் முதலில் பெங்களூர் போய்ப் பார்க்கிறேன் என்றான். என் இங்கிலீஷ் வகுப்பு ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் நடந்தது. கீழே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பார்கள், மேலே நான் வாக்கியங்களைத் திருத்துவேன். பாதிப்பேர் போட்டோ எடுத்த கையோடு மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். பிறகு போட்டோவில் இருப்பது நீதானா என்று எங்கேயாவது ஒரு ஆபீஸில் கேட்டுவிட்டான் என்று என்னிடம் வந்து அழுவார்கள். ஊரையெல்லாம் விமானம் ஏற்றிவிட்ட நான் ஏறியது என்னவோ பாகாலா போகிற பாசெஞ்சர் ரயில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஏற்றிவிடுவது எனக்குப் பிடித்திருந்தது, நன்றாகவும் வந்தது.

வெளிநாடு போகிற நர்சுகளுக்கு இங்கிலீஷ் தேர்வில் ஒரு பகுதி உண்டு. ஒரு படமோ அட்டவணையோ கொடுத்து, இதையும் அதையும் ஒப்பிட்டு எழுது என்பார்கள். எம்.பி.ஏ. படிக்கப் போகிறவர்களுக்கும் ஒப்பிடும் வாக்கியத்தில்தான் வலை விரித்து வைத்திருப்பார்கள். ஆகவே எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து இந்தப் பாடத்தை நடத்துவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் சொல்லின் வாலில் ஓர் உருபு ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்கியத்தின் எந்த மூலையில் தூக்கிப் போட்டாலும் அந்தச் சொல் யாருடையது என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் அந்த வால் கிடையாது, உட்காரும் இடம்தான் உறவு. 'திருப்பதியைப் போல இல்லாமல்' என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்தபடியாக சித்தூர் வந்து நிற்க வேண்டும். அங்கே 'மக்கள்' வந்து நின்றுவிட்டால் ஊரை மனிதர்களோடு ஒப்பிட்டதாக ஆகிவிடும். சித்தூர் வெயிலைத் திருப்பதி வெயிலோடுதான் ஒப்பிடலாம், திருப்பதியோடு ஒப்பிடக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

சிஸ்டர் வகுப்புக்கு வந்த புதிதில் ஒரு வாக்கியம் எழுதினார். 'டாக்டரைப் போல இல்லாமல், பேஷண்டுகள் என்னைப் பார்த்துப் பயப்படுவதில்லை.' டாக்டரிடம் பயப்படுகிற பேஷண்டுகள் என்னிடம் பயப்படுவதில்லை என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால் டாக்டர் என்ற சொல் பேஷண்டுகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இங்கிலீஷ்காரன் படித்தால், பேஷண்டுகள் பயப்படுவதில்லை, டாக்டர்தான் இந்த அம்மாவைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொள்வான். இதை விளக்கியதும் வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். "அதுவும் நெஜந்தான் சார், அவுரு எங்கிட்ட பயந்துகினுதான் இருப்பாரு" என்றார். சிரிப்பு அடங்கியதும், பேஷண்டோடு வந்தவர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டும், அடுத்த கட்டில்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் குழப்பம்தானே, அதுதானே சார் பாடம் என்று கேட்டார். அதேதான். அதற்குப் பிறகு நான் அந்தப் பாடத்தை ஸ்டூல் பாடம் என்றே நடத்தினேன். என் மாணவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருந்துகொண்டு இன்னும் அதை ஸ்டூல் என்றுதான் சொல்கிறார்களாம்.

சிஸ்டரின் ஊர் சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. அவருடைய அப்பா, அவர்கள் பேச்சில் நைனா, வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் மாந்தோப்பில் கூலி வேலை செய்தவர். பூச்சி மருந்து அடித்து, காவல் இருந்து, காய் பறித்து லாரி ஏற்றுவார். சொந்தமாகக் குந்துமணி அளவு மண் இல்லாத குடும்பம் அது. பிறகு சர்க்கார் பட்டா கொடுத்தது. மலையடிவாரத்தில் கல்லும் முள்ளும் நிறைந்த பூமி. நைனா அதைக் கையாலேயே கிளறி, வாங்கியும் கேட்டும் கொண்டுவந்த மாஞ்செடிகளை நட்டார். தண்ணீர்தான் இல்லை. குட்டையிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். வெயில் காலத்தில் குட்டையே வற்றிவிடும். ஒவ்வொரு கோடையிலும் சில செடிகள் காயும். ஒரு போர்வெல் போட வேண்டும், அந்தச் செடிகள் மரமாக வேண்டும், அதற்காகத்தான் சிஸ்டர் அயர்லாந்து போக நினைத்தார். இதை ஒளிக்காமல் சொல்வார். வார்டில் வேலையை முடித்துக்கொண்டு, யூனிபார்மைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து என் வகுப்பில் உட்காருவார். நைனா தன்னிடம் போர் போட்டுக் கொடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை என்பார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு தடவை சொன்னார்.

அவருடைய இங்கிலீஷ் மளமளவென்று ஏறியது. எந்தச் சொல்லும் தன் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். உங்களை வேறு யாரோடாவது ஒப்பிட்டு எழுதுங்கள் என்று சொன்னால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும், தமிழோ தெலுங்கோ, தங்களைத் தோற்கிற பக்கத்திலேயே வைப்பார்கள். என் தம்பி என்னைவிடக் கெட்டிக்காரன், என் சிநேகிதி என்னைவிட அழகு. இது எங்கள் ஊர்ப் பழக்கம். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று யாராவது சொன்னால், எங்கே, எலும்பும் தோலுமாகத்தான் கிடக்கிறது என்று தாய் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். மற்றவர்களை நான் அதட்டி அதட்டி மாற்றிவிட்டேன். சிஸ்டர் மட்டும் மாறவில்லை. இலக்கணத்தில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாத வாக்கியங்களை வரிசையாக எழுதுவார். எல்லாவற்றிலும் தோற்றுப்போயிருப்பார்.

அயர்லாந்திலிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள் திருப்பதியில் ஒரு ஹோட்டல் ஹாலில் இன்டர்வியூ வைத்தார்கள். இங்கிலீஷ் தேர்வை அவர் அதற்கு முன்பே நல்ல மார்க்கோடு முடித்திருந்தார். நேரம் மிச்சமாகட்டும் என்று இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிட்டார்கள். சிஸ்டரோடு உள்ளே போனது அதே நர்சிங் ஹோமில் வேலை பார்த்த ஜூனியர் நர்ஸ், சூளூர்பேட்டைப் பெண், அவளும் என் மாணவிதான். உங்கள் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டால் உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஜூனியர் நான் சொல்லிக்கொடுத்தபடி டக்டக்கென்று தன் பெருமையை எடுத்துவிட்டாள். சிஸ்டர், இந்தப் பெண் என்னைவிடச் சின்னவள், என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வாள், கைக்குழந்தைக்கு நரம்பு பார்ப்பதில் என்னைவிட நிதானம் என்று ஒரு பிழையும் இல்லாத இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். அவர்கள் சின்னவளை எடுத்துக்கொண்டார்கள். நான் ஹோட்டல் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் வெளியே வந்து, ஜூனியருக்குக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். உங்களுக்கு என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

விஷயம் விளையாட்டில்லை. வயது வரம்பு என்று ஒன்று இருந்தது. மாங்காய் சீசன் முடிந்ததும் அதே ஆட்கள் இன்னொரு தடவை வருவார்கள். அதுதான் அவருக்குக் கடைசி. அதற்கப்புறம் அயர்லாந்தும் இல்லை, போர்வெல்லும் இல்லை. அந்தக் கோடையில் செடிகள் வேறு காய ஆரம்பித்திருந்தன. நான் அவரிடம் மன்றாடாத குறையாகச் சொன்னேன். பொய் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள், பத்துப் பேர் பார்க்கிற வேலையை ஒற்றை ஆளாகப் பார்க்கிறீர்கள், அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்க நைனா தோப்புல ஒரு மரத்துக்கு அடியில நின்னுகினு பக்கத்து மரம் ஒசத்தின்னு சொல்ல வுட மாட்டாரு சார். சின்னப்புள்ளயில அப்பிடிச் சொல்லி அடி வாங்கிக்கிறேன். மரத்துக்குக் காது இருக்குது, மொகம் கோணிக்கும், அடுத்த வருசம் பூ வுட்டாலும் காய் நிக்காதும்பாரு. அந்தப் பொண்ணு என் பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்குது. அது மூஞ்சிக்கு நேரா நான் ஒசத்தின்னு எப்பிடி சார் சொல்றது?"

ஆனாலும் நான் வாத்தியார், விடுவேனா? ஒரு பதிலை எழுதி, அதை மனப்பாடம் செய்யச் சொன்னேன். மற்ற நர்சுகளோடு ஒப்பிட்டால் நான் இப்படி, நான் அப்படி என்று நாலைந்து வாக்கியம். ஸ்டூல்களெல்லாம் அந்தந்தக் கட்டில் பக்கத்தில் கச்சிதமாகப் போட்டிருந்தேன். அவர் அதை ஒப்பிப்பதைக் கேட்கப் பாவமாக இருக்கும். முதல் பாதியை மணிமணியாகச் சொல்வார். 'நான்' என்ற இடம் வந்ததும் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ஒரு தடவை முழுவதையும் தைரியமாகச் சொல்லி முடித்துவிட்டு, அவசரமாகத் திரும்பி, பக்கத்துப் பெஞ்சில் இருந்த பெண்ணிடம், "உன்னச் சொல்லலம்மா" என்று மன்னிப்புக் கேட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கீழே ஸ்டுடியோக்காரர் வரைக்கும் இந்தக் கதை பரவி, படியேறும்போதெல்லாம் அவர், "என்ன சிஸ்டர், இன்னிக்காவது ஜெயிச்சீங்களா?" என்று சீண்டுவார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே மேலே வந்துவிடுவார். வார்டு முடிந்து, வகுப்பு முடிந்து, லீவு கிடைத்த நாளில் ஊருக்குப் போய்க் குடம் தூக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் இடுப்பில் சேலை நனைந்து காய்ந்த கறை இருக்கும்.

இரண்டாவது இன்டர்வியூவும் அதே ஹாலில்தான் நடந்தது. இந்தத் தடவை அவரோடு உள்ளே போனது முன்பின் தெரியாத ஒரு நர்ஸ். நான் வாசலில் நின்றேன், டீ குடிக்கவில்லை. ஆட்களை உள்ளே அனுப்புகிற ஏஜெண்டு கதவை ஒட்டி நின்றிருந்தார். உள்ளே நடந்ததை அவரும் பிற்பாடு சிஸ்டரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா அதே கேள்வியைக் கேட்டாராம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எப்படி? சிஸ்டர் நான் எழுதிக்கொடுத்ததை ஆரம்பிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தார். போச்சு, இந்தம்மா மறுபடியும் கவிழ்த்துவிட்டது என்று ஏஜெண்டு நினைத்தாராம். அப்புறம்தான் சிஸ்டர் வாயைத் திறந்திருக்கிறார்.

'நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எனக்குள் இருந்த நர்ஸோடு ஒப்பிட்டால், நான் தேவலை' என்று ஆரம்பித்தாராம். அந்த நர்ஸ் குழந்தைக்கு ஊசி போடும்போது குழந்தையோடு சேர்ந்து அழுவாள். இப்போது நான் ஊசி போட்டால் சில குழந்தைகள் தூக்கம் கலைவதில்லை. அந்த நர்ஸ் எதற்கெடுத்தாலும் டாக்டரை எழுப்புவாள். இப்போது நான் எழுப்பினால் டாக்டர் செருப்புப் போடாமல் ஓடி வருவார், ஏனென்றால் காரணமில்லாமல் எழுப்ப மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இதையெல்லாம் நல்ல இங்கிலீஷில் நிதானமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சேர்த்தாராம். 'வருகிற வருடத்து நர்ஸோடு ஒப்பிட்டால், நான் இன்னும் சுமார்தான்.' வெள்ளைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தாராம். ஏஜெண்டு வெளியே ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "மாஸ்டாரு, மீ சிஸ்டரு மாட்லாடேசிந்தி!" என்று தெலுங்கில் கூவினார். உங்கள் சிஸ்டர் பேசிவிட்டார் என்று அர்த்தம். ஆயுளில் எத்தனையோ பேருக்குத் தேர்வு முடிவு சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒருவர் வந்து முடிவு சொன்னது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு பெருமை என்று சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்தது ஒரு பெருமை. அந்த வாக்கியம் இன்னொன்று. ஒப்பிடும் சொல் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை பிசகாமல் உட்கார்ந்திருந்தது. நர்ஸோடு நர்ஸை ஒப்பிட்டிருந்தார், ஊரோடு மனிதரை அல்ல. இத்தனையும் செய்து, பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு பெண்ணின் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டார். ஜெயிக்க வேண்டும், யாரும் தோற்கக் கூடாது என்றால் வேறு எப்படித்தான் சொல்ல முடியும்? அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை என் வகுப்பில் பிறந்த வாக்கியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஸ்டுடியோக்காரர் கீழே ஷோகேஸில் சிஸ்டரின் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினார். அது வெகு நாள் அங்கே இருந்தது.

அவர் விமானம் ஏறினார். வந்த முதல் லீவிலேயே போர்வெல் போட்டார்கள். ஆழம் போகப் போகப் புகைதான் வந்ததாம், கடைசியில் சேறும் தண்ணீருமாகப் பீறிட்டுக்கொண்டு வந்தபோது நைனா நனைந்துகொண்டே நின்றிருந்தாராம். சில வருடங்கள் கழித்து, சிஸ்டர் லீவில் வந்திருந்த சமயம், மாங்காய் சீசனில் என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். அந்தக் கல்லுப் பூமியா இது என்று இருந்தது. காய்ப் பாரம் தாங்காமல் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. சிஸ்டர், "சுமாரா காச்சிக்கிது சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று என்னை வரவேற்றார். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? நைனாவிடம், இதில் எந்த மரம் உசத்தி என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். என்னை அந்த மரத்தடியிலிருந்து நகர்த்தி, நடைபாதைக்குக் கொண்டுவந்து விட்டார். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு நைனா ஒவ்வொரு மரமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மரத்தைத் தட்டிக்கொடுத்தபடி மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது போன வருசத்துக்கு இந்த வருசம் தேவல." அடுத்ததில் கையை வைத்தார். "இதுவும் போன வருசத்துக்குத் தேவல." இன்னொரு மரத்தில் காய் குறைவாக இருந்தது. அதன் பட்டையைத் தடவினார். "இது கொஞ்சம் சுமாரு. வர்ற வருசம் பாரு சார்." நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஹோட்டல் ஹாலில் சிஸ்டர் சொன்னது இதுதான், வார்த்தைக்கு வார்த்தை இதுதான். அவர் அதை இங்கிலீஷில் சொன்னார், அவ்வளவுதான். என் வகுப்பில் பிறந்தது என்று நான் பீற்றிக்கொண்ட வாக்கியம் நான் பிறப்பதற்கு முன்பே அடுத்தவர் தோப்பில் கூலிக்கு நின்ற ஒருவரின் வாயில் இருந்திருக்கிறது. ஸ்டூல் மட்டும்தான் என்னுடையது. அதுவுமே சிஸ்டர் கொடுத்தது என்று உங்களுக்கு ஞாபகம் வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் காய் குறைந்த மரத்தின் கீழே நின்று அதன் வேரை மூடியிருந்த சருகைக் காலால் சரி செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணை அனுப்பி வைத்ததில் எனக்கும் ஒரு கை இருந்தது என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்போது சிஸ்டர் அங்கே வார்டுக்குப் பொறுப்பாளர். புதிதாக வருகிற நர்சுகளைத் தேர்ந்தெடுக்கிற மேஜைக்குப் பின்னால் உட்காருகிறவர்களில் அவரும் ஒருவர். நம் பக்கத்துப் பெண்களும் வருகிறார்களாம். போன மாதம் நகரியிலிருந்து ஒரு பெண் வந்தாளாம், தறி நெய்கிற குடும்பம். அவளை வேறொருத்தியோடு ஒப்பிட்டுக் கேட்டார்கள், அவள் மற்றவளைத் தூக்கி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூட உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பரில் ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சிஸ்டர் மட்டும், நீ சேர்ந்த முதல் வருடத்தில் எப்படி இருந்தாய், இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாளாம். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லையாம். இதைச் சொல்லும்போது சிஸ்டரின் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் எழுத முடியவில்லை.

என் வகுப்பு மூடி வெகு காலம் ஆகிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் போனிலேயே படித்துக்கொள்கிறார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை. கூடை மட்டும் வந்துகொண்டிருக்கிறது. இன்னமும் அதை நைனாதான் அடுக்குகிறார், வைக்கோல் போடுவதில் வேறு யாரையும் நம்பமாட்டாராம். நேற்று சாயங்காலம் என் மனைவி ஒரு காதரை நறுக்கினாள். வாயில் போட்டதும், இதுக்கு முன்னால கடையில விக்கிறதெல்லாம், என்று ஆரம்பித்தாள். நான் கூடையைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தேன். அவளுக்கும் இந்தக் கதை தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அங்கேயிருந்து மிச்சத்தைச் சொன்னாள்.

நான் போனை எடுத்து சிஸ்டருக்குக் குரலிலேயே பதில் அனுப்பினேன். இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை. "சிஸ்டர், போன வருசத்துக்கு இந்த வருசம் தேவல" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. பின்னால் வார்டின் சத்தம், யாரோ அவரை அவசரமாகக் கூப்பிடுகிறார்கள். முதலில் அந்தப் பழைய சிரிப்பு, என் வகுப்பறையை நிறைத்த அதே சிரிப்பு. பிறகு, "வர்ற வருசம் பாருங்க சார்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அடித்துக்கொண்ட தம்பட்டம் அது ஒன்றுதான்.